முந்நூறு கிராம்

நகராட்சி நோட்டீஸை
பென்னாகரம் ரோட்டு மின்கம்பத்தில்
மூலம் பௌத்திரம் வைத்தியர் முகத்தின் மேலேயே
ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
காலை எட்டிலிருந்து பதினொன்று வரை
நான்கு ரோட்டுக்குள் நுழையும் சரக்கு வண்டிக்கு
நூற்றிருபது ரூபாய்.
காருக்கு ஐம்பது. பைக்குக்கு ஒன்றுமில்லை.
பெயர் நெரிசல் கட்டணம்.
ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளைக்குள்.

இருந்தால் என்கிறார்கள்,
குழம்புக்கு உப்பு போதுமா என்று
கேட்கிற மாதிரி.

என்னுடையது குட்டியானை.
இன்னும் பதினேழு தவணை பாக்கி.
இண்டூர், பாப்பாரப்பட்டியில் நாலு வீட்டுப் பட்டுக்கூட்டை
வலைப்பையில் ஏற்றி அங்காடியில் இறக்குவது வேலை.
கூட்டுக்குள் புழு உயிரோடிருக்கிறது.
வெயில் ஏற ஏற அது மெலியும்.
பாலத்தடியில் வண்டி நகராமல் நிற்கும்போது
பின்னால் எடை ஆவியாவதை
முதுகு சொல்லும்.

எதிர்ப்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
யாரோ முந்தின நாள் கட்டிய வாழைமரம்
அப்படியே நின்றது.
"நெரிசலை நாங்களா விலை கொடுத்து வாங்கினோம்?"
என்றார் ஜவுளிக்கடை தீர்த்தகிரி.
அவர் கடை வாசலில்தான்
அவருடைய மூன்று வேனும் நிற்கும்.
அதை யாரும் சொல்லவில்லை. நானும்.
லாரி செட் அன்வர் பாஷா மட்டும்
"உள்ளே வர காசு கேக்கறான்,
வெளியே சுத்திப் போக ரோடு போட்டானா?" என்றார்.
அதற்குத்தான் நிஜமாகக் கை தட்டினோம்.

வெள்ளரிக்காய் விற்கும் ருக்குவை
யாரும் அழைக்கவில்லை.
கூடையோடு கதவோரம் நின்றிருந்தாள்.
வண்டி நின்றால்தான் அவளுக்கு வியாபாரம்.
அவளுக்கும் ஆட்சேபனை இருந்தது,
எழுதத் தாள்தான் இல்லை.

செவ்வாய்க்கிழமை கடையடைப்பு.
வண்டி ஓடாது என்று நானும் கையெழுத்துப் போட்டவன்.
ஆனால் மாதையன் வீட்டில் கூடு ஆறாம் நாள்.
இன்னும் நாலு நாள் போனால்
பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வரும்.
பூச்சிக்குச் சங்கம் கிடையாது.

பெயர்ப் பலகையைச் சாக்கால் மூடிக்கொண்டு வந்தேன்.
சாத்திய ஷட்டர்கள்.
நடுரோட்டில் ஒரு நாய்
காலை நீட்டிப் படுத்திருந்தது,
எனக்காக எழுந்திருக்கவில்லை.
பாலத்துக்கு மேலே
வானம் இவ்வளவு இருக்கிறதா என்று பார்த்தேன்.
நாற்பது நிமிஷ வழி. ஆறு நிமிஷம்.

இண்டூரில் ஏற்றும்போது அறுபத்திரண்டு கிலோ.
எப்போதும் அரைக்கிலோ போய்விடும்.
அன்று அங்காடித் தராசில்
அறுபத்தொன்று எண்ணூறு.
எடை போடுகிற பெண்
பையை எடுத்து மறுபடி வைத்தாள்.
அதேதான்.
"இன்னிக்குத் தராசு நல்லாருக்குதே" என்றார் மாதையன்.
நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

முந்நூறு கிராம்.
ஏலம் போனது கிலோ ஐந்நூற்றுப் பத்துக்கு.
நூற்றைம்பத்து மூன்று ரூபாய்.
நூற்றிருபதைக் கழித்தால்
முப்பத்து மூன்று மிச்சம்.
கணக்கு சரிதான்.
ஆனால் மிச்சம் மாதையனுடையது,
கழித்தல் என்னுடையது.
வாடகையில் இருபது ஏற்றிக் கேட்டதற்கு
போன மாசம் அவர்
பக்கத்து ஊர் வண்டியைக் கூப்பிட்டார்.

ராத்திரி ஆட்சேபனையை எழுதினேன்.
"மேற்படி கட்டணம் எங்களைப் போன்றோரை"
என்பது வரை வந்தேன்.
அந்த ஆறு நிமிஷம்
பேனாவுக்குள் அடைத்துக்கொண்டது.
எழுதினதை அடிக்கவில்லை, மேலே எழுதவும் இல்லை.
மடித்து டேஷ்போர்டில் வைத்தேன்.
கடைசி நாள் வெள்ளி.

புதன்கிழமை பாலத்தடியில் எல்லாம் பழையபடி.
முன்னால் டவுன் பஸ், பின்னால் செங்கல் லாரி.
ருக்கு ஜன்னலில் கூடையை இடித்தாள்.
"நேத்து எங்கண்ணா போனீங்க எல்லாரும்?
ஒரு காய் விக்கல."
அவளிடம் என்ன சொல்ல.
ரெண்டு வாங்கினேன்.
ஐம்பது ரூபாய்த் தாளோடு
அவள் பஸ் பக்கம் சில்லறை கேட்கப் போனாள்.
அந்நேரம் பார்த்து முன்னால் வழி விட்டது.
பின்னால் ஹாரன்.
கூடு மெலிந்துகொண்டிருந்தது.
நான் சில்லறைக்காகக் காத்திருந்தேன்.